சாட்சிக் கையெழுத்து

அவனைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மைத்துனன் வைத்த பெயர். மாமனார் வீட்டுக்கு முதல்முறை போனபோது, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல், கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றிய மின்விசிறியையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, அதைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "அக்கா, உனக்குக் கிடைச்சது மாப்பிள்ளை இல்ல, பம்பரம்" என்று மைத்துனன் அன்று சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

தொழில் ஏசி மாட்டுவது. நாள் முழுக்க அடுத்தவர் சுவரில் துளை போடுகிறவனுக்கு, குடியிருந்த வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை. வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். காலண்டரே சன்னல் கம்பியில்தான் தொங்கியது. வீடு மாறி வீடு மாறி, அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே அவன் மனைவிக்கு எரிச்சல் வரும் நிலைக்கு வந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எனக்குன்னு ஒரு கதவு வேணும். நான் மூடினா மூடினதுதான். வேற எதுவும் வேணாம்" என்பாள்.

அதனால் கண்ணாடிக்கடைக்காரரின் வீட்டைத் தரகர் காட்டியபோது இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பெரிய வீடு இல்லை. ஒரு கூடம், இரண்டு அறைகள், கிழக்கே சன்னல் வைத்த சமையலறை, மாடிக்கு ஏறும் குறுகலான படி. பின்னால் சின்ன முற்றமும் அதைத் தாண்டித் தனியாக ஓர் அறையும். பம்பரத்தின் கண் அந்தப் பின்னறை மேல்தான் விழுந்தது. கம்ப்ரஸர், செம்புக் குழாய், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் அங்கே போட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் குடோனுக்குக் கொடுக்கிற வாடகை மிச்சம்.

"அது என்ன ரூம் சார்?"

"அதுவா? நம்ம தங்கச்சி தையல் மெஷின் போட்டு வச்சிருக்கா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக் கண்ணாடி விற்கிற கடை அவருக்கு. எதிரில் இருப்பவரின் முகத்தை அளவெடுப்பதுபோல் பார்த்துப் பேசுவார். "நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவா. அதைப் பத்தி யோசிக்காதீங்க."

அவர்கள் யோசிக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போனான். மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் போகவைத்தாள்.

வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மேசை விசிறி கழுத்துத் திரும்பாமல் சுவருக்கே காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பம்பரத்தின் கை விசிறியை நோக்கிப் போவதும் திரும்புவதுமாக இருந்தது.

"வீடு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"அவர் பேர்லதான் மேடம். வரி ரசீது இருக்கு, கரண்ட் பில் இருக்கு. எல்லாத்துலயும் அவர் பேர்தான்."

"வரியைக் கட்டுறவர் பேரு வரி ரசீதுல இருக்கும். வீடு யாரோடதுன்னு அது சொல்லாது." ஒரு பழைய பத்திரத்தை எடுத்து விரித்தார். "இதை வாங்கினது அவங்க அப்பா. அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. உயில் எதுவும் எழுதி வைக்கல. பிள்ளைங்க ரெண்டு பேர், ஒரு பையன், ஒரு பொண்ணு. அப்போ வீடு ரெண்டு பேருக்கும்தானே?"

"தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சாம் மேடம். தரகர் சொன்னார்."

"நகை போட்டது நகைக்கு. அதனால வீட்டுல இருக்கிற பாகம் போயிடாது. என் பாகத்தை விட்டுக் கொடுக்கிறேன்னு அவங்க எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணியிருந்தா அது வேற. அப்படி எதுவும் இதுல இல்லையே. ஒண்ணு அப்படி எழுதித் தரணும், இல்ல அண்ணன்கூடச் சேர்ந்து அவங்களும் விக்கிறவங்களா கையெழுத்து போடணும்."

பம்பரம் வெளியே வந்து படியில் நின்றபடியே கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் போட்டான். அவர் சிரித்தார். "இவ்வளவுதானா? நான் ஒரு வார்த்தை சொன்னா அவ வந்து போட்டுட்டுப் போறா. எங்க வீட்டுல அண்ணன் சொன்னா மறுபேச்சு கிடையாது தம்பி."

அந்தப் பதிலைக் கேட்டு அவன் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வண்டியில் போகும்போதும், ஏணியில் நிற்கும்போதும், சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தச் சிரிப்பே காதில் கேட்டது. வாரக் கடைசியில், அளவு எடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு டேப்பும் கையுமாக அந்த வீட்டுக்குப் போனான். முன்கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனான். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரெக்சின் வாடை. கார் சீட்டு உறைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஒரு பெண் தடித்த கறுப்பு ரெக்சினை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் மூத்தவள். ஊசி போகிற தடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "யாரு?" என்றாள்.

"வீடு வாங்கப் போறவன்க்கா. அளவு எடுக்கலாம்னு வந்தேன்."

மெஷின் நின்றது. "வாங்க, உட்காருங்க" என்று ஒரு கட்டிலைக் காட்டினாள். அப்போதுதான் அவன் கவனித்தான். கட்டில் இருந்தது. தலையணை இருந்தது. மூலையில் ஓர் அடுப்பு, கவிழ்த்து வைத்த இரண்டு தட்டுகள், கொடியில் உலர்கிற புடவை. தையல் மெஷின் போட்ட அறை இல்லை இது. ஓர் ஆள் வாழ்கிற வீடு.

"இங்கேயேவா இருக்கீங்க?"

"புருஷனை விட்டுட்டு வந்த நாள்ல இருந்து இந்த வீட்லதான். அப்பா இருந்தப்ப முன்னாடி இருந்தேன். அப்புறம் அண்ணி வந்து போக இருக்கவும், நானே பின்னாடி வந்துட்டேன். சீட்டு உறை தைக்கிறேன், கடைக்குப் போடுறேன். என் பாடு நடக்குது." சிரித்தாள். "வித்த பிறகு கடைக்கு மேல ஒரு ரூம் ஒழிச்சுத் தர்றதா அண்ணன் சொல்லியிருக்கார். மெஷினை மேல ஏத்த முடியுமான்னுதான் தெரியல. படி ரொம்பச் செங்குத்து."

பம்பரம் டேப்பை நீட்டுவதும் சுருட்டுவதுமாக இருந்தான். "கையெழுத்து போட வருவீங்களாமே?"

"ஆமா, சாட்சிக் கையெழுத்துன்னு அண்ணன் சொன்னார். வீட்டு ஆளுங்க யாராவது சாட்சி போட்டா நல்லதாம். எனக்கென்ன, வந்து போட்டுட்டுப் போறேன்."

  அவன் சுவரில் பொய்யாக ஏதோ அளந்துவிட்டு, "வர்றேன்க்கா" என்று சந்து வழியே வெளியே வந்தான்.

மறுநாள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தட்டிப் பார்க்காமல் டிரில்லை வைத்தான். தண்ணீர்க் குழாய் பொத்துக்கொண்டது. வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளியின் மடி வரைக்கும் தண்ணீர் பீய்ச்சியது. இத்தனை வருடத்தில் அவனுக்கு இப்படி நடந்ததில்லை. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து நீட்டியது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன மென்னு முழுங்குறீங்க? சொல்லுங்க."

சொன்னான். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

"வக்கீல் என்ன சொன்னாங்க? அந்தம்மா கையெழுத்து வேணும்னாங்க. அந்தம்மா போடப் போறாங்க. அப்புறம் என்ன?"

"சாட்சின்னு நினைச்சுட்டுப் போடப் போறாங்கடி. பாதி வீடு அவங்களுதுன்னே அவங்களுக்குத் தெரியாது."

"அது அண்ணன் தங்கச்சி விஷயம். நாம யாரு நடுவுல? இவங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா விக்கிறதே நின்னுடும். நம்ம அட்வான்ஸ் எப்ப வரும்னு சொல்ல முடியுமா? இந்த வீட்டுக்கு வேற ஆள் வந்து பார்த்துட்டுப் போயாச்சு."

"எனக்கு மனசு கேக்கல."

"உங்களுக்கு எது கேட்டிருக்கு?" வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஒரு இடத்துல நிக்கத் தெரியாது. அதான் வீடு கைக்கு வர்ற நேரம் ஏதாவது ஒண்ணைக் கிளப்புறீங்க."

அந்தப் பேச்சு அவனைச் சுருக்கென்று தைத்தது. அதில் உண்மை இருக்குமோ என்ற பயம்தான் அதற்கும் மேலே தைத்தது. இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தான். மூன்றாம் நாள் மறுபடி வக்கீலம்மாவின் படியேறினான்.

"மேடம், அவங்களுக்குத் தெரியாமலே கையெழுத்து வாங்கிட்டா என்ன ஆகும்?"

"பத்திரம் பதிவாயிடும்" என்றார் அவர். "நீங்க குடியும் போயிடலாம். ஒரு நாள் யாராவது அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்வாங்க. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்கன்னு கேஸ் போடுவாங்க. போடாமலும் இருக்கலாம். ஆனா எனக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க சொல்ல முடியாது. அங்க ஒரு ஆள் குடியிருக்கிறதைக் கண்ணால பார்த்துட்டீங்க. வாங்குறவர் அந்த ஆளைக் கூப்பிட்டு, உங்களுக்கு இதுல என்ன உரிமைன்னு கேட்டிருக்கணும்னுதான் கோர்ட்டு நினைக்கும்."

 பம்பரம் எழுந்துபோய் மேசை விசிறியின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்னக் குமிழ் நழுவியிருந்தது. அதை அழுத்திவிட்டான். விசிறி கழுத்தைத் திருப்பி வக்கீலம்மாவின் பக்கம் வந்தது.

"இதுக்கு நான் தனியா ஃபீஸ் தர மாட்டேன்" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, "சட்டத்தை விடுங்க. நீங்க அந்த வீட்டுல உட்கார்ந்திருக்கும்போது யாராவது கதவைத் தட்டினா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதை யோசிச்சுக்கோங்க" என்றார்.

நேராகப் பின்னறைக்குப் போனான். நடுப்பகல். அவள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே, வக்கீல் சொன்னதையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினான். அப்பா வாங்கியது, உயில் இல்லாதது, இரண்டு பிள்ளைகள், சமபாகம்.

அவள் கையிலிருந்த தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாதின்னா எது? இந்தப் பின்னறையா?"

"இல்லக்கா. பிரிக்காத வரைக்கும் எல்லாத்துலயும் பாதி. கூடத்துலயும், மாடிப்படியிலயும்."

"முன்கதவுலயும்?"

"முன்கதவுலயும்."

அவள் தட்டைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அவன் எதிர்பார்த்தது வேறு. ஒரு நன்றி, அல்லது அழுகை. அவள் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இதை எதுக்கு என்கிட்ட வந்து சொன்னீங்க?"

"அக்கா, நான்..."

"அண்ணன் கொடுத்த இடம்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் இருந்தேன். முன்பக்கம் போகணும்னா அண்ணிகிட்ட கேட்டுட்டுத்தான் போவேன். அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல. இனி அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? அவர் என்னை ஏமாத்தப் பார்த்தார்னு தெரிஞ்சுக்கிட்டு எப்படி அவர்கூடப் பேசுறது? உங்களுக்கு உங்க பத்திரம் சுத்தமா வேணும். அதுக்காக என் அண்ணனை எடுத்துட்டுப் போறீங்க."

 "நீங்க போங்க" என்றாள். போனான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்டால் அவனால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. தரகர் தினமும் போன் செய்து, "தம்பி, நல்லாப் போய்க்கிட்டு இருந்த வண்டியில நீங்களே முள்ளைப் போட்டுட்டீங்களே" என்று அங்கலாய்த்தார். வாடகை வீட்டுக்காரர் புது ஆளுக்குச் சாவி கொடுக்கும் தேதியை நினைவூட்டினார். மனைவி அவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் பால், கேஸ், துணி என்று மட்டும் பேசினாள். அவன் நடந்தான். வேலை இல்லாத நேரத்தில் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் தொடை தானாக ஆடியது.

கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் அவன் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். பம்பரம் மூன்றாவது மாடியில் வெளிச்சுவர் ஏணியில் நின்றிருந்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், கத்தினால் ஊர் பார்க்கும் என்று நினைத்தோ என்னவோ, அவன் இறங்கி வரும்வரை காத்திருந்தார்.

"அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப யாரு பார்த்தது? கூரை ஒழுகினப்ப யாரு ஓட்டை அடைச்சது? அவ புருஷனை விட்டுட்டு வந்தப்ப யாரு கதவைத் திறந்தது? எல்லாம் நான். இதெல்லாம் உங்க வக்கீல் காகிதத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அவளைத் தெருவுலயா விடப் போறேன்? ரூம் ஒழிச்சு வச்சிருக்கேன். இப்ப அவ என்கிட்ட பேசுறதில்ல. சாப்பாடு கொடுத்தனுப்பினா திருப்பி அனுப்புறா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நல்லா இருந்த குடும்பம்" என்றார். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்றோ தருவேன் என்றோ பிடி கொடுக்காமல் போய்விட்டார்.

அன்று மாலை பம்பரம் நடந்ததை மனைவியிடம் சொன்னான். அவள், "சாப்பாட்டைத் திருப்பி அனுப்புறாங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பணி முடிந்து வர அவளுக்கு நேரமாகிவிட்டது. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்தேன். ஊசி குத்தின விரல் சீழ் பிடிச்சிருக்கு. கட்டுப் போட்டேன்" என்றாள்.

"வீட்டைப் பத்தி?"

"ஒண்ணும் பேசல. அவங்களும் பேசல. காபி கொடுத்தாங்க."

அடுத்த வாரம் வக்கீலம்மா எல்லோரையும் கூப்பிட்டார். அந்த அக்கா கேட்டுத்தான் கூப்பிட்டார். விரலில் கட்டோடு, தானே தைத்த ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எதிரில். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பம்பரம் கதவோரம் நின்றான்.

"நான் விக்க வேணாம்னு சொல்லல" என்று அவள் ஆரம்பித்தாள். வக்கீலைப் பார்த்துத்தான் பேசினாள். "ஆனா சாட்சியா போட மாட்டேன். விக்கிறவளா போடுறேன். என் பாகத்துக்கு வர்றது என் பேங்க் கணக்குக்கு வரட்டும். அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவு, கூரைச் செலவு, அதெல்லாம் அண்ணன் பண்ணினதுதான். நான் மறக்கல. என் பாகத்துல கழிச்சுக்கட்டும். ஆனா என்கிட்ட கேட்டுட்டுக் கழிக்கட்டும்."

அறையில் விசிறி மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்தபடி, "கழிச்சுக்கவா?" என்றார்.

"கழிச்சுக்கோங்க" என்றாள்.

இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது அவளுக்கு. அண்ணன் எழுந்துபோய்ச் சன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

பதிவு அலுவலகத்தில் கூட்டம். பெஞ்சில் இடமில்லை. பம்பரத்துக்கு அது வசதியாகத்தான் இருந்தது, நிற்கலாம், நடக்கலாம். அவர்கள் முறை வந்தபோது அதிகாரி பத்திரத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்ட கேள்வியையே தங்கையிடமும் கேட்டார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? உங்க விருப்பத்தோடதான் விக்கிறீங்களா?"

அவள் கையை நீட்டினாள். பத்திரத்தை வாங்கி, தன் பெயர் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து முதலிலிருந்து படித்தாள். வரிசையில் நின்ற ஒருவர் அலுத்துக்கொண்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.  அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பம்பரம் யோசித்தான். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறதே என்றும் தோன்றியது. மனைவி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்படிப் பிடித்தாள்.

தங்கை ஒரு வரி விடாமல் கடைசிவரை படித்து முடித்தாள். "தெரியும். என் பாகத்தை நான்தான் விக்கிறேன்" என்றாள். கையெழுத்து போட்டாள்.

வெளியே வந்ததும் அண்ணன் கார்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள். பிறகு தலையசைத்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அவர் கார்க் கதவை மூட மறந்து கொஞ்ச நேரம் நின்றார்.

பெரிய சாலையில் ஷட்டர் வைத்த ஒரு சின்னக் கடையை அவள் பிடித்திருந்தாள். பின்னாலேயே தங்க ஒரு தடுப்பு. மெஷினை எடுக்க மினி லாரியோடு வந்த அன்று பம்பரமும் மனைவியும் ஏற்கெனவே முன்பக்கம் குடிவந்திருந்தார்கள். மூவருமாகச் சேர்ந்துதான் மெஷினைத் தூக்கினார்கள். சந்து குறுகல். இரண்டு இடத்தில் கை சிராய்த்தது.

லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, எங்க மேல கோபமா?"

அந்த அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "தெரியல. சில நாள் இருக்கு. சில நாள் இல்ல." பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "மேற்குப் பக்கத்து ரூம் சுவர் மழைக்கு ஊறும். பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கார். சொல்லியிருக்க மாட்டார். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போடாதீங்க."

லாரி போனது. மனைவி உள்ளே போய், அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை நகர்த்தத் தொடங்கினாள். பம்பரம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.